நம் பங்கின் குறிக்கோளை யார் எழுதுவது?



கோயில் கட்டினோம், கொடிமரம் நாட்டினோம், இன்று யூபிலியும் கொண்டாடுகிறோம். எதற்காக நாம் ஒரு பங்காகக் கூடியிருக்கிறோம் என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோமா? அந்தப் பதிலை இரண்டே வரிகளில் எழுதி வைப்பதுதான் பங்கின் குறிக்கோள்.

பங்குத்தந்தை எழுத, நாம் கைதட்டி ஏற்பது எளிது. ஆனால் 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை 'இறைமக்கள்' என்று அழைத்தது. மக்களின் குறிக்கோளை மக்களே எழுதவேண்டும். அதற்கு நம் அன்பியங்களே ஏற்ற இடம்.

கடலுக்குப் போகாத ஞாயிறு மாலையில் அன்பியந்தோறும் கூடுவோம். கூட்டத்தில் வாய் திறவாத தாய்மாரையும் இளைஞரையும் முதலில் பேச வைப்போம். 2004 ஆழிப்பேரலையும் 2017 ஒக்கிப் புயலும் நம் கரையில் யாரைத் துணையின்றி விட்டுச் சென்றன என்பதை அறிவோம். அவர்களை மறந்த குறிக்கோள், குறிக்கோளாகாது.

எழுதிய பின், ஆண்டுதோறும் பங்குக் கணக்கை அதன் அருகில் வைத்துப் பார்ப்போம். திருவிழாவுக்குச் செலவிட்டது எவ்வளவு? ஏழைக்குச் சென்றது எவ்வளவு? இரண்டும் குறிக்கோளோடு ஒத்துவந்தால் நம் சொல் உயிருள்ளது. இல்லையேல் அது சுவரில் தொங்கும் வெறும் பலகை.

அடுத்த யூபிலியில் நம் பிள்ளைகள் அதைக் கொண்டே நம்மை அளப்பார்கள். இறைவன் நமக்குத் துணை நிற்பாராக!