லாரிக்காரர் அஞ்சுவதும் அஞ்சாததும்



நாமக்கல்லில் நின்றுகொண்டு லாரியைப் பற்றிப் பேசத் துணிவதற்கே தனித் தைரியம் வேண்டும். இவ்வூர்க் குடும்பங்களில் பாதிக்குப் பாதி லாரியால் வாழ்கின்றன என்று நான் சொன்னால், கணக்குக் கேட்காமலே கைதட்டுவீர்கள். அதோ, தட்டிவிட்டீர்கள்; நன்றி.

இன்று டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். லாரிக்காரனுக்கு அச்சமென்பதே கிடையாது, ஆகையால்தான் அவனை நோய் பிடிக்கிறது என்று பட்டணத்து மேடைகளில் உபதேசம் செய்கிற மேதாவிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பாரம் ஏற்றிய வண்டியில் நள்ளிரவு ஒருமுறை தொப்பூர்க் கணவாயில் இறங்கிப் பார்க்கட்டும். அச்சம் இன்னதென்று அடிவாரத்துக்கு வருமுன்னே விளங்கிவிடும்!

புறப்படுகையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவரா அஞ்சாதவர்? அவர் கண்ணயர்வுக்கு அஞ்சுகிறார், வழிப்பறிக்கு அஞ்சுகிறார், ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் அந்நிய ஊர் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாட்கணக்காகக் காத்துக் கிடப்பதற்கு அஞ்சுகிறார். இவையெல்லாம் அன்றைக்கே தண்டிக்கிற அபாயங்கள். எச்.ஐ.வி. கிருமியோ, மருந்தின்றி விட்டால், எட்டுப் பத்து ஆண்டுகள் உடம்புக்குள் சந்தடியின்றிக் குடியிருந்துவிட்டுப் பிறகே நோயாகத் தலைகாட்டுகிறது. அவ்வளவு தாமதித்து வருகிற தண்டனையை, நாளைய பொழுதே நிச்சயமில்லாத தொழிலில் இருப்பவர் அபாயமாக எண்ணாததில் வியப்பென்ன?

சங்ககிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஆயுளில் பெரும்பகுதியைக் கேபினிலேயே கழித்தவர், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். பெயரைச் சொல்ல மாட்டேன். ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாதென்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். “உங்களுக்கு இதெல்லாம் முன்னமே தெரியாதா அண்ணா?” என்று கேட்டேன். “தெரியாமயென்னுங்க! புள்ளிராஜா எய்ட்ஸ் விளம்பரத்தப் பாத்துச் சிரிச்சவங்கதானுங்க நாங்க. ஆனா இஞ்சின் பக்கத்துலயே உக்காந்து ஓட்டுனா ஒடம்பு சூடேறிப் போகும், அந்தச் சூட்ட எறக்கியே ஆகோணும்னு மூத்த டிரைவருங்க சொன்னாங்க, அதத்தான் நம்புனோம்” என்றார்.

இப்படியே, டெட்டால் போட்டுக் கழுவினால் தீர்ந்தது; பார்வைக்கு லட்சணமாக இருக்கிறவளிடம் நோய் இராது; வாடிக்கையாகப் பழகுகிறவளிடம் ஆணுறை எதற்கு என்று, கேபினில் குருவிடமிருந்து சீடனுக்கு வந்த சாஸ்திரம் ஒன்றுண்டு. அத்தனையும் பொய். கழுவுவதால் கிருமி போவதில்லை. முகத்தைப் பார்த்தும் அதை அறிய முடியாது. பழக்கமும் பாதுகாப்பாகாது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்நாட்டில் இந்தக் கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் அது தெரிந்தவுடன், அவ்வபலைகள்மீது பழி விழுந்தது. அடுத்து லாரிக்காரர்மீது விழுந்தது. காரில் போய் வந்த கனவான்களைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை! உறையைப் பற்றி மேடையில் பேசினால் பண்பாடு கெடுமென்று இன்றும் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். லாரிக்காரர் கொண்டுவந்து இறக்குகிற பருப்பையும் வெங்காயத்தையும் சாப்பிடுவதற்கு மட்டும் அவர்களுடைய பண்பாடு ஒருநாளும் தடை சொன்னதில்லை.

இருக்கட்டும், எனக்கு அந்தப் பெரியவர்தாம் முக்கியம். 2004 ஏப்ரலில் அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, தாம்பரம் வரைக்கும் போய் அதை வாங்கி உண்ட ஆரம்பகாலத்தவருள் அவர் ஒருவர். இன்றளவும் ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. மாத்திரையை ஒழுங்காக உண்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நிலைத்துவிட்டவரிடமிருந்து, உடலுறவின் மூலம் அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்று விஞ்ஞானம் ஐயமறச் சொல்லிவிட்டது. அந்தப் பெரியவர் தம் பேரனைத் தோளில் சுமந்துகொண்டு சந்தைக்குப் போகிறார். இப்போது தட்டுங்கள் கையை, அவருக்காக!

உரிமையாளர் பெருமக்களே, வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்.சி. தேதி தப்பாமல் பார்க்கிற நீங்கள், அதை ஓட்டுகிறவரையும் பாருங்கள். கிருமி இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காக அவரை வேலையைவிட்டு நிறுத்துவது நான் சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விரோதம். வீட்டுக்குப் போக நாள் கொடுங்கள். லோடுக்குக் காத்திருக்கும் இடத்திலேயே பரிசோதனை நடக்க வழிசெய்யுங்கள்.

ஓட்டுநர் தோழர்களே, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவு இரகசியம். அண்மையில் தொற்றியது உடனே தெரியாமற்போகலாம். ஆகையால் அங்கே சொல்லுகிற நாளில் மறுபடியும் போங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். உறையை வண்டியில் வைத்திருங்கள். வைத்திருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள். அடுத்த லோடு ஏற்றுமுன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று உங்களை இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.