எள்ளல், இளிவரல், நாணம்



வகுப்பில் ஒரு மாணவன் 'பழம்' என்பதைப் 'பளம்' எனப் படிக்கின்றான். மற்றவர் சிரிக்கின்றனர். 'உனக்கு வெட்கமாக இல்லையா?' என்று ஆசிரியரும் கேட்டுவிடுகின்றார். சிரித்தவர் செய்தது எள்ளல். ஆசிரியர் எதிர்பார்த்தது நாணம். மாணவன் அடைந்ததோ இளிவரல். 'வெட்கம்' என்னும் வழக்குச்சொல் பின்னிரண்டையும் ஒருங்கே குறிப்பதால், அவற்றிடையே உள்ள வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கின்றார். இளிவரலுக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவற்றுள் ஒன்றேனும் ஒருவன் செய்த குற்றமன்று. ஆதலின், குற்றம் செய்யாதவனும் இளிவரல் எய்தக்கூடும்.

நாணம் அத்தகையதன்று. 'நாணுடைமை' என்னும் 102ஆம் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, தகாத செயல் காரணமாக நாணுவதே நாணம் என்றும், மகளிர்க்குரிய நாணம் வேறு என்றும் வள்ளுவர் வரையறுக்கின்றார். நம் சொல்வழக்கும் இதற்குச் சான்றாகும். 'அவனை இகழ்ந்தான்' என்னும் தொடர்க்குச் செயப்படுபொருள் வேண்டும்; 'அவன் நாணினான்' என்பது எழுவாயோடு நிறைவுறுகின்றது. 'அவமானப்படுத்தினான்' என்கின்றோம், 'நாணப்படுத்தினான்' என்பது வழக்கில் இல்லை. அவமானம் பிறர் தர வருவது. நாணமோ தன் நெஞ்சிலிருந்தே எழ வேண்டுவது.

அவ்வதிகாரத்திலேயே வள்ளுவர் மேலும் ஒன்று கூறுகின்றார். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்க்கு வரும் பழிக்கும் நாணுவோரை நாணத்தின் உறைவிடம் என்று உலகம் போற்றுமாம். பிறரிடம் ஒரு குறை காணும்போது எள்ளுவோர் விலகி நின்று நகைப்பர். நாணுடையோர் அதனைத் தமதாகக் கொள்வர்.

நம் சிங்கப்பூரில் தமிழை வகுப்பறையில் மட்டுமே பேசும் பிள்ளைகள் பலர். ழகரம் பிறழ்தல் தீச்செயலன்று; பயிற்சிக் குறையே. அதற்கு மாணவன் நாண வேண்டியதில்லை. எள்ளப்பட்ட பிள்ளை ழகரத்தைக் கற்பதினும் விரைவாக, வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்கின்றது. ஆகவே ஆசிரியர்களே, சிரிப்பை முதலில் நிறுத்துங்கள். பின்னர் அச்சொல்லை வகுப்பு முழுவதையும் ஒருமுறை ஒலிக்கச் செய்யுங்கள். மாணவர்களே, அடுத்திருப்பவன் பிழைபட்டால் அவனோடு சேர்ந்து நீங்களும் சொல்லிப் பாருங்கள்.