சிடி4: மார்க் ஷீட் இல்ல மக்களே

பொத்தேரியில பீச் ட்ரெயின் ஏறினா, தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கின காசநோய் மருத்துவமனையால வந்த பேர் அது. 1990-கள்ல அதே வார்டுகளுக்கு ஹெச்.ஐ.வி. உள்ளவங்க வர ஆரம்பிச்சாங்க. வேற பல இடங்கள்ல சேர்த்துக்கவே தயங்கின காலம்.

ஏன் காசநோய் ஆஸ்பத்திரி? பதில் சிடி4-ல இருக்கு. இது வெள்ளையணுக்கள்ல ஒரு வகை. மத்த எதிர்ப்பு அணுக்களை வேலை வாங்குற மேஸ்திரின்னு வச்சுக்கோங்க. ஹெச்.ஐ.வி. அந்த மேஸ்திரியைத்தான் அழிக்குது. ஆரோக்கியமானவங்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். மருந்து இல்லைன்னா வருஷக்கணக்குல இறங்கும், வெளியே ஒண்ணுமே தெரியாது. 300 இருக்கிறவர் வேலைக்குப் போவார், கிரிக்கெட் ஆடுவார். 200-க்குக் கீழே போனா அது எய்ட்ஸ் நிலை. நிமோனியா, மூளைக்காய்ச்சல்னு வரும். காசநோய் அதுவரைக்கும்கூட காத்திருக்காது.

2004 ஏப்ரல்ல அரசு இலவசக் கூட்டு மருந்து தொடங்கினப்போ, முதல் மையங்கள்ல தாம்பரமும் ஒண்ணு. ஆனா அப்போ பெரும்பாலும் 200-க்குக் கீழே போனாதான் மருந்து. ரிப்போர்ட்ல 260ன்னு வந்தா சந்தோஷப்படறதா, அழறதா? பிறகு அந்தக் கோடு 350 ஆச்சு. 2015-ல ஸ்டார்ட் ஆய்வு முடிவு வந்தது: 500-க்கு மேல இருந்த 4,685 பேர்ல, உடனே மருந்து ஆரம்பிச்சவங்களுக்குக் கடுமையான நோய் அல்லது மரண ஆபத்து 57 சதவீதம் குறைவு. 2017-ல இந்தியாவும் கோட்டை அழிச்சிடுச்சு. ஹெச்.ஐ.வி. உறுதியானா, எண் எதுவானாலும் மருந்து.

அப்போ சிடி4 எதுக்கு? எவ்வளவு தாமதமா வந்திருக்கோம்னு அதுதான் சொல்லும். 50-ல வந்தவருக்கும் ஏறும், ஆனா மெதுவா. சிலருக்கு 500-ஐத் தொடாமலே நின்னுடும். சாதாரணக் காய்ச்சல்லகூட இந்த எண் ஆடும். அதனால ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க கூகுள் பண்ணாதீங்க. மருந்து வேலை செய்யுதான்னு வைரஸ் அளவு டெஸ்ட்தான் சொல்லும்.

சந்தேகம் இருந்தா, அரசு மருத்துவமனைகள்ல 'நம்பிக்கை மையம்' இருக்கு. டெஸ்ட் இலவசம். உங்க சம்மதம் இல்லாம எடுக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாதுன்னு 2017-ல சட்டமே வந்திருக்கு. போன்லயே கேட்கணும்னா 1097, காசு கிடையாது.