மலைக்கு ஓர் இலக்கு

2006இல் பூசான் நகரில் கூடிய ஆசிய பசிபிக் போக்குவரத்து அமைச்சர்கள் ஓர் இலக்கு வைத்தார்கள்: 2007 முதல் 2015 வரை வீதிகளில் 6 இலட்சம் உயிர்களைக் காப்பது. காப்பாற்றிய உயிரை எப்படி எண்ணுவது? சாகாமல் வீடு போய்ச் சேர்ந்தவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லையே! இப்போதைய ஐ.நா. இலக்கு இன்னும் தெளிவு: 2030க்குள் வீதி மரணமும் காயமும் பாதியாக வேண்டும்.

சரி, மலைநாட்டுக் கண்டியில் எதைக் குறைத்தால் மரணம் பாதியாகும்? இலங்கையில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். ஆனால் கிளிநொச்சியின் நேர்வீதியில் இருக்கும் ஆபத்து வேறு, கடுகண்ணாவை இறக்கத்தில் இருப்பது வேறு. மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவுப் பாதையில், கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மலையில் இன்னோர் ஆபத்து பள்ளம்: 2025 மே 11 விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

என்னைக் கேட்டால், மலைநாட்டு இலக்கில் மரணக் கணக்குக்கு முன்னால் வேறு மூன்றை எழுதுவேன். எத்தனை வளைவுகளுக்குத் தடுப்புச் சுவர் உண்டு? எத்தனை பஸ்களின் பிரேக் சோதிக்கப்பட்டது? காயப்பட்டவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வர எத்தனை நிமிடம்? 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸும் பேராதனை நெரிசலுக்குள் புகுந்துதானே வரவேண்டும்.