மிர்ட்டில் எண்ணெயும் எட்டு மாசக் குழந்தையும்

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு மாசக் குழந்தைக்குச் சளி. அக்கா கையில் சின்ன பாட்டில்: மிர்ட்டில் எண்ணெய். "யூகலிப்டஸைவிட மென்மையாம்டா"ன்னு கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டு, குழந்தை மூக்குகிட்ட கொண்டு போனா. "ஒரு நிமிஷம் இருக்கா"ன்னு வாங்கி லேபிளைப் படிச்சேன்.

மிர்ட்டில், மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர்ச்செடி. நம்ம கொய்யா, நாவலுக்குச் சொந்தக்காரன். கிட்டத்தட்ட 2000 வருஷம் முன்னாடியே கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இதை மருந்தா எழுதி வெச்சிருக்கார். சார்டினியாத் தீவில் இதோட பழத்தை ஊறவெச்சு 'மிர்ட்டோ'ன்னு மதுவே செய்றாங்க. (குடிச்சதில்ல, நம்புங்க!) இலையை ஆவியில் வடிச்சா வர்ற எண்ணெயைத்தான் அரோமாதெரபியில் சளி, இருமலுக்கு முகர்றாங்க.

மென்மைங்கிற பேரு வந்தாலும், உள்ளே இருக்கிறது சினியோல். நம்ம நீலகிரித் தைலத்துல இருக்கிற அதே சமாச்சாரம். கைக்குழந்தை முகத்துகிட்ட வெச்சா மூச்சே திணறலாம். அளவும் ஊருக்கு ஊர் மாறும். கோர்சிகா எண்ணெய் வேற, மொராக்கோ எண்ணெய் வேற. இதுல 'லெமன் மிர்ட்டில்'னு ஒண்ணு வேற விக்குது. அது ஆஸ்திரேலியாவோட வேற மரம். சிட்ரால் நிறைய, தோலை எரிக்கும்.

அக்காவோட பாட்டில்ல செடியோட முழுப் பேரும் இல்ல, ஊரும் இல்ல. கைக்குட்டையைத் துவைக்கப் போட்டுட்டு டாக்டர்கிட்ட போனோம். மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ராத்திரி பையன் தூங்கிட்டான்.