360 மூட்டுகளின் தர்மம்

 

ஆதமுடைய மக்கள் ஒவ்வொருவரும் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளனர் என்றும், ஒவ்வொரு மூட்டுக்காகவும் தினந்தோறும் தர்மம் செய்ய வேண்டும் என்றும், ளுஹா நேரத்தின் இரண்டு ரக்அத்துகள் அதற்குப் போதுமானவை என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தவை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. மூட்டு நலமாயிருக்கும் வரை அது ஒரு நிஃமத் என்னும் நினைவே நமக்கு வருவதில்லை.

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற ஊர்களில் காபிப் பழம் பறிப்போர் சுமையுடன் சரிவில் ஏறி இறங்குகின்றனர். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குப் பெருஞ்சுமை. ஆண்டுகள் செல்லச் செல்லக் குருத்தெலும்பு தேய்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பயன் தரும். வலிக்கிறதென்று நடையையே விட்டுவிடுவோரின் மூட்டு மேலும் இறுகிப்போகும்.

ஆனால் எல்லா மூட்டு வலியும் தேய்மானமன்று. நான் அதிகம் கவலைப்படுவது நம் வீட்டுப் பெண்களைக் குறித்தே. ஃபஜ்ருக்கு எழும்போது இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விரல்களை மடக்க இயலாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது ஏற்காட்டுக் குளிரின் வேலையன்று. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் முடக்குவாதமாக அது இருக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. மாவு பிசைய முடியாத மருமகளைச் சோம்பேறி என்று பழிக்கும் மாமியாரே, அவளுடைய விரல்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்! கணவரே, தாமதிக்காமல் அவளை ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் விரல்கள் கோணிப்போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். இதற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ண வேண்டியது; தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றவர் அதை உண்ணலாகாது.

மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விலைக்கு வாங்குகின்றனர். 'நாட்டு மருந்து' என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கப்படும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது நலம் பெறுவதற்கே!

மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்தோரும், சரிவில் கணுக்கால் பிசகியோரும் உண்டு. அடிபட்டவுடன் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் அது தீங்காகும். அசைக்காமல் வைத்து எக்ஸ்ரே எடுங்கள்.

நபி (ஸல்) அவர்களும் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து, வலப்புறம் சிராய்ப்புற்று, அமர்ந்தே தொழுவித்ததை அனஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆகவே, நாற்காலியில் தொழும் முதியவரை ஏளனமாகப் பார்க்காதீர். நிற்கவும் ஸுஜூது செய்யவும் இயன்றவர் பர்ளான தொழுகையை வசதிக்காக நாற்காலியில் நிறைவேற்றுவது கூடாது. நிற்க முடிந்து ஸுஜூது செய்ய இயலாதவர் விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம் வேறுபடுவதால், உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி இடுவோர், அதன் பின்கால்கள் ஸஃப்பின் வரிசையில் அமையுமாறு வையுங்கள்.