நான்கு மாநிலத் தேர்தல்: வெற்றியா? எச்சரிக்கையா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

1993 நவம்பரில் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் நடந்த இடைக்காலத் தேர்தலைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய தேர்தலை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று இளைஞர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தத் தேர்தலைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்பட்டது பாதிக் கணக்குத்தான். மீதிப் பாதியை நாம் படிக்கவே இல்லை. படித்திருந்தால், பின்னால் வந்த பல தேர்தல்கள் நம்மைத் திடுக்கிட வைத்திருக்காது.

தேர்தல் வந்த கதை

1992 டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அன்று மாலையே உ.பி. முதல்வர் கல்யாண் சிங் பதவி விலகினார். அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. டிசம்பர் 15 அன்று ம.பி., ராஜஸ்தான், இமாச்சல் ஆகிய மூன்று மாநிலங்களின் பா.ஜ.க. அரசுகளையும் மத்திய அரசு கலைத்தது. மும்பை உள்ளிட்ட பல நகரங்களில் கலவரங்கள் மூண்டு மனித உயிர்கள் பலியாயின. இந்த ரத்தச் சுவடு காயும் முன்னரே நான்கு மாநில மக்களும் வாக்குச் சாவடிக்கு அழைக்கப்பட்டார்கள்.

அரசுகளைக் கலைத்தது சரியா என்ற வழக்கும் நடந்தது. ம.பி. உயர்நீதிமன்றம் 1993-ல் கலைப்பு செல்லாது என்றது. 1994 மார்ச் 11 அன்று, எஸ்.ஆர். பொம்மை வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மூன்று மாநிலக் கலைப்பும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மதச்சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சம் என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அதற்குள் தேர்தல் முடிந்து, முடிவும் வந்துவிட்டது.

முடிவு என்ன?

உ.பி.யில் 1991-ல் 221 இடங்களை வென்ற பா.ஜ.க. 177-க்கு இறங்கியது. சமாஜ்வாதி 109, பகுஜன் சமாஜ் 67 என்று அந்தக் கூட்டணி 176 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸ், ஜனதா தளம் ஆதரவோடு முலாயம் சிங் யாதவ் முதல்வரானார். ம.பி.யில் 220 இடங்களோடு ஆண்ட பா.ஜ.க. 117-ல் நின்றது, காங்கிரஸ் 174 பெற்று திக்விஜய் சிங் முதல்வரானார். இமாச்சலில் 46 இடங்கள் வைத்திருந்த கட்சி வெறும் 8-க்குச் சுருண்டது, காங்கிரஸுக்கு 52.

ராஜஸ்தானில் மட்டும் கதை வேறு. 85-ஆக இருந்த பா.ஜ.க. 95-ஆக வளர்ந்தது. சுயேச்சைகளின் துணையோடு பைரோன் சிங் ஷெகாவத் மீண்டும் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். அதே நவம்பரில் டில்லி சட்டமன்றத்தின் 70 இடங்களில் 49-ஐயும் அக்கட்சியே அள்ளியது.

இருந்தும் அன்று நம்மில் பலர் என்ன சொன்னோம்? "பள்ளிவாசலை இடித்தவர்களுக்கு மக்கள் தண்டனை கொடுத்துவிட்டார்கள்" என்று சொன்னோம். மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் பேரேட்டைத் திறந்து பார்ப்போமா?

பேரேடு சொல்வது என்ன?

வணிகர்களே! உங்களுக்கு இது எளிதில் புரியும். உ.பி.யில் பா.ஜ.க. 1991-ல் வாங்கிய வாக்கு நூற்றுக்கு சுமார் 31.5. 1993-ல் வாங்கியது சுமார் 33.3. ஆமாம் சகோதரர்களே, வாக்கு குறையவில்லை, கூடியிருக்கிறது! இடம் மட்டுமே குறைந்தது. ம.பி.யில் 103 இடங்கள் போனதே, வாக்கு எவ்வளவு போனது தெரியுமா? நூற்றுக்கு அரை கூட இல்லை.

ஒரு கடையில் விற்பனை கூடியிருக்கிறது. ஆனால் எதிர்வரிசையில் தனித்தனியாக இருந்த இரண்டு கடைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டதால் லாபம் குறைந்திருக்கிறது. இதைப் பார்த்து "அந்தக் கடையின் சரக்கை மக்கள் ஒதுக்கிவிட்டார்கள்" என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா? நாம் சொன்னோம்!

உ.பி.யில் நடந்தது இதுதான். 1991-ல் முலாயம் வேறு பக்கம், கன்ஷிராம் வேறு பக்கம், ஜனதா தளம் இன்னொரு பக்கம். பகுஜன் சமாஜுக்கு அப்போது 12 இடங்களே கிடைத்தன. 1993-ல் கைகோர்த்ததும் அது 67 ஆனது. பிற்பட்டோர், தலித் மக்கள், முஸ்லிம்கள் என்ற மூன்று நீரோடைகள் ஒரே வாய்க்காலில் ஓடின. இரண்டு கட்சிகளும் சேர்ந்து வாங்கிய வாக்கு நூற்றுக்கு சுமார் 29. பா.ஜ.க.வின் வாக்கைவிடக் குறைவு! ஆனாலும் இடம் ஏறக்குறையச் சமம். எனவே அது வெறுப்பு தோற்ற தேர்தல் அல்ல. பிரிந்து கிடந்தவர்கள் சேர்ந்ததால் பிழைத்த தேர்தல்.

இமாச்சல் கற்றுத்தரும் பாடம்

நான்கு மாநிலங்களில் மிகப் பெரிய தோல்வி எங்கே? இமாச்சலில். அங்கே முஸ்லிம்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான். அப்படியென்றால் 46-ஐ 8 ஆக்கியது யார்? நாம் அல்ல. அம்மாநிலத்து இந்துச் சகோதரர்கள்!

ஏன் தோற்கடித்தார்கள்? 1990-ல் ஆப்பிள் விவசாயிகள் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் போராடியபோது கோட்கட் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பின்னர் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களிடம் "வேலை இல்லையேல் சம்பளம் இல்லை" என்று சாந்தகுமார் அரசு கடுமை காட்டியது. ஆப்பிளும் சம்பளமும் அந்த மக்களின் அடுப்போடு சம்பந்தப்பட்டவை. அவர்கள் தங்கள் அடுப்புக்காக வாக்களித்தார்கள். அதனால் நமக்கும் நிழல் கிடைத்தது. பெரும்பான்மைச் சகோதரன் தன் வாழ்க்கைப் பிரச்னையைப் பார்த்து வாக்களிக்கும்போது, மதவெறிக்குத் தானாகவே கடிவாளம் விழுகிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

கூட்டணி ஏன் உடைந்தது?

அந்த உ.பி. கூட்டணி எத்தனை நாள் நிலைத்தது? பதினெட்டு மாதங்கள்! 1995 ஜூன் தொடக்கத்தில் பகுஜன் சமாஜ் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஜூன் 2 அன்று லக்னோ அரசு விருந்தினர் மாளிகையில் மாயாவதி முற்றுகையிடப்பட்டார். மறுநாளே பா.ஜ.க. ஆதரவோடு முதல்வரானார். யாரைத் தடுக்கச் சேர்ந்தார்களோ, அவர்கள் துணையோடு அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் ஆட்சியில் அமர்ந்தார். மேலே தலைவர்கள் கை குலுக்கினார்கள். கீழே கிராமத்தில் நிலமுள்ள யாதவரும் நிலமற்ற தலித்தும் மனம் கலக்கவில்லை. எதிரி ஒருவன் என்பதால் மட்டும் சேர்ந்த சேர்க்கை, பங்கு பிரிக்கும்போது உடைந்தது. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அதே இரு கட்சிகளும் மறுபடி சேர்ந்தன. முடிவு? உ.பி.யின் 80 இடங்களில் பகுஜன் சமாஜ் 10, சமாஜ்வாதி 5. பா.ஜ.க. 62! 1993-ல் பலித்த கூட்டல் கணக்கு 2019-ல் ஏன் பலிக்கவில்லை? 1993-ல் எதிரணியின் வாக்கு நூற்றுக்கு 33. 2019-ல் ஏறக்குறைய 50. மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவரை மற்றவர்கள் சேர்ந்து வெல்லலாம். பாதியை வைத்திருப்பவரை யார் யார் சேர்ந்தாலும் வெல்வது கடினம். 33 என்ற எண்ணை நாம் 1993-லேயே கவனித்திருக்க வேண்டும். நாம் 177-ஐ மட்டும் பார்த்து மகிழ்ந்தோம்.

2024-ல் காற்று சற்று மாறியது. சமாஜ்வாதி 37, காங்கிரஸ் 6, பா.ஜ.க. 33. அயோத்தி அடங்கிய பைசாபாத் பொதுத் தொகுதியிலேயே தலித் சமுதாயத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் வென்றார். மாற்றியது எது? வேலையின்மை, கசிந்த தேர்வுத் தாள்கள், இட ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம். மறுபடியும் அடுப்புப் பிரச்னைதான். இமாச்சல் சொன்ன பாடம்தான்.

"வாக்கு போட்டு என்ன கண்டோம்?"

இளைஞர்களே! உங்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. "ஆட்சிகள் மாறின. ஆனால் 2019 நவம்பர் 9 தீர்ப்பில் அந்த இடம் கோயிலுக்குப் போனது. இடித்தது சட்டத்தை மீறிய செயல் என்று அதே தீர்ப்பு சொல்லியும், 2020-ல் குற்றம் சாட்டப்பட்ட 32 பேரும் விடுதலையானார்கள். பிறகு வாக்கு எதற்கு?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மழுப்பிப் பதில் சொல்ல நான் வரவில்லை. தேர்தல், இடிந்ததைக் கட்டித் தராது. நீதிமன்றம் தராத நீதியை வாக்குப் பெட்டி தராது. ஆனால் காவல் நிலையத்தில் யார் உட்காருவது, உங்கள் கடைத் தெருவில் கல் விழும்போது யாருக்கு உத்தரவு போகும், உங்கள் தங்கைக்குக் கல்வி உதவித்தொகை வருமா வராதா, இவற்றைத் தீர்மானிப்பது தேர்தல். கோபத்தில் வீட்டில் உட்கார்ந்தால் அந்த முடிவை நாம் இல்லாமலேயே எடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், வாக்காளர் பட்டியல். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் படிவம் 6 கொடுங்கள். இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் ஊரிலும் பெயர், கடை ஊரிலும் பெயர் என்று வைத்திருக்காதீர்கள்; ஒரே இடத்தில் உறுதியாக வையுங்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படிவம் 6-ஏ இருக்கிறது. ஆனால் நேரில் வந்தால்தான் வாக்களிக்க முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, கூட்டணி வேண்டும். ஆனால் மேடையில் மட்டும் போதாது. தலித் சகோதரனின் பாதைப் பிரச்னைக்கு நாம் போகாமல், நம் பிரச்னைக்கு அவன் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுக்காமல் வாங்கும் வியாபாரம்.

மூன்றாவது, இதுதான் முக்கியமானது. எதிரணியின் 33 எப்படி 50 ஆனது? நம் பக்கத்துக் கடைக்காரர், நம் வாடிக்கையாளர், நம்மோடு படித்தவர், இவர்களில் சிலர் நம்மைப் பற்றி யாரோ சொன்னதை நம்பியதால்! அவர்களோடு பேசுவதற்கு எந்தக் கட்சித் தலைவரும் வரமாட்டார். சரியான நிறை, நேர்மையான விலை, அவர்கள் வீட்டு நன்மை தீமைகளில் நம் வருகை, இவை கூட்டங்களில் நாம் போடும் முழக்கங்களைவிட அதிகம் பேசும். வணிகர்களே, நாளொன்றுக்கு நூறு பேர் உங்கள் கடைப்படி ஏறுகிறார்கள். இந்தப் பணியைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

அடுத்த தேர்தல் முடிவு வரும்போது யார் எத்தனை இடம் என்று மட்டும் பார்க்காதீர்கள். யார் எத்தனை வாக்கு என்று பாருங்கள். இடம் இன்றைய லாபம். வாக்கு நாளைய சரக்கு. இரண்டையும் பார்ப்பவரே கடையை நிலைநிறுத்துவார்.